மடித்து ஒட்டியிருந்த டேப்

பேய், ஆவி என்று யாராவது பேச ஆரம்பித்தாலே எழுந்து போய்விடுகிற ஆள் நான். இருபத்தைந்து வருடமாக டிராக்டர் மெக்கானிக். வண்டி ஸ்டார்ட் ஆகவில்லையா, ஒன்று கரண்ட் வரவில்லை, இல்லை டீசல் வரவில்லை, மூன்றாவதாக ஒரு காரணம் கிடையாது என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். இப்போது சொல்வதில்லை. நீங்கள் சிரித்தாலும் சரி, நடந்ததைச் சொல்கிறேன்.

கீழ்வேளூர் பக்கத்தில் சவரிமுத்து என்று ஒருவர், கொஞ்சம் குத்தகை நிலமும் ஒரு பழைய டிராக்டரும் வைத்திருந்தார். போன சம்பா உழவின்போது வண்டியில் சேஃப்டி ஸ்விட்ச் போய்விட்டது. கியரில் இருக்கும்போது வண்டியை ஸ்டார்ட் ஆகவிடாமல் தடுக்கிற சின்ன சாமான். புதுசு வர நாளாகும் என்றேன். "அதுவரைக்கும் டைரக்டா குடுத்துடுங்கண்ணே, உழவு நிக்குது" என்றார். இரண்டு ஒயரையும் சேர்த்து முறுக்கி டேப் சுற்றிக் கொடுத்தேன். இந்தப் பக்கம் பாதி வண்டி அப்படித்தான் ஓடுகிறது. புது ஸ்விட்ச் பத்து நாளில் வந்துவிட்டது. இன்றைக்குப் போகலாம் நாளைக்குப் போகலாம் என்று நான்தான் அதை டிராயரிலேயே போட்டு வைத்திருந்தேன்.

ஒருநாள் காலையில் சவரிமுத்து கீழே நின்றபடியே எட்டிச் சாவியைத் திருப்பியிருக்கிறார், வண்டி கியரில் இருந்திருக்கிறது, பின்சக்கரம் அவர்மேல் ஏறிவிட்டது. கியரைப் பார்க்காமல் விட்டுவிட்டார், விதி என்று ஊரே சொன்னது. கல்லறைத் தோட்டத்தில் நின்று நானும் தலையாட்டினேன். ஒயர் விஷயம் அவருக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்.

அதன்பிறகு வண்டி கொட்டகையில்தான் கிடந்தது. குறுவைக்கு வாய்க்காலில் தண்ணீர் வந்ததும் அவர் மனைவி ஆரோக்கியமேரி போன் செய்தார். "பேட்டரி சார்ஜ் போட்டும் வண்டி ஸ்டார்ட் ஆவலண்ணே. நாளையோட எங்க முறைத் தண்ணி முடியுது. வேற வண்டியும் கெடைக்கல. இந்தத் தடவ உழலன்னா நெலத்துக்காரரு வேற ஆளுக்கு விட்டுடுவாரு."

போகக் கால் வரவில்லை, ஆனாலும் போனேன். காலை பத்து மணி, சுள்ளென்று வெயில். இருட்டில் எதையோ பார்த்து மிரண்டேன் என்று நினைக்காதீர்கள்.

சாவியைத் திருப்பினேன், ஒரு சத்தமும் இல்லை. ஹார்ன் அடித்தது, லைட் எரிந்தது, ஆக பேட்டரி சரி. நியூட்ரலில் போட்டுவிட்டு ஸ்க்ரூடிரைவரால் ஸ்டார்ட்டருக்கு நேராகக் கரண்ட் கொடுத்தேன், சுற்றியது. அப்படியென்றால் நடுவில் எங்கோ ஒயர் விட்டிருக்கிறது. எங்கே என்று எனக்கு அப்போதே தெரியும், ஆனாலும் ஃபியூஸ், சாவி என்று வேண்டுமென்றே சுற்றிச் சுற்றி வந்தேன். அந்த இடத்தைப் பார்க்க மனசில்லை.

கடைசியில் குனிந்து பார்த்தால் நான் முறுக்கிய ஒயர்கள் பிரிந்து நேராக நின்றன. டேப் மட்கார்டு ஓரத்தில் ஒட்டியிருந்தது, நுனி மடித்து. சவரிமுத்து டேப்பை எறிய மாட்டார், அடுத்த தடவை பிரிக்க வசதியாக நுனியை மடித்து இப்படித்தான் ஒட்டிவைப்பார். சரி, அவர்தான் எப்போதோ பிரித்திருக்கிறார் என்று நினைத்தேன். அவர் செத்த பிறகுதானே இந்த வண்டியைக் கொட்டகைக்கு ஓட்டிவந்தார்கள் என்பது அப்போது உறைக்கவில்லை.

மறுபடி முறுக்கிப் புது டேப் சுற்றினேன். சீட்டில் ஏறி கிளட்சை மிதித்துத் திருப்பினேன், சத்தமில்லை. இறங்கிப் பார்த்தால் பிரிந்திருக்கிறது. மட்கார்டில் இரண்டாவது டேப், நுனி மடித்து. நம்பினால் நம்புங்கள், ஆரோக்கியமேரி அப்போது வீட்டுக்குள் இருந்தார், என்னைத் தவிர அங்கே ஆளே இல்லை.

மூன்றாவது தடவை பிளையரால் இறுக்கி டேப் சுற்றினேன். ஒயரை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது என்று வண்டிக்கு அந்தப் பக்கம் குந்திக்கொண்டு, "தங்கச்சி, வந்து சாவியத் திருப்பு" என்று கூப்பிட்டேன். சேலை சரசரத்தது, தலையைத் தூக்கினேன். அவர் சீட்டில் ஏறவில்லை. பெரிய சக்கரத்துக்கு முன்னால் நின்று, புருஷன் செய்த மாதிரியே எட்டிக்கொண்டிருந்தார். அப்போதுதான் ஞாபகம் வந்தது, ஹேண்ட்பிரேக் பிடிக்காது, வண்டி உருளக் கூடாது என்று ஸ்டார்ட்டரைச் சோதித்த பிறகு வண்டியை முதல் கியரில் போட்டது நான்தான். கத்தினேன். அதற்குள் சாவியைத் திருப்பிவிட்டார்.

ஒன்றும் நடக்கவில்லை. குனிந்தேன். ஒயர் பிரிந்திருந்தது. மட்கார்டில் மூன்றாவது டேப்.

"என்னண்ணே, ஏன் கத்துனீங்க?"

"ஒண்ணுமில்ல. நீ தள்ளி நில்லு தங்கச்சி."

கடைக்கு ஓடி டிராயரில் கிடந்த ஸ்விட்சை எடுத்துவந்து மாட்டினேன். நியூட்ரலுக்கு மாற்றினேன், முதல் திருப்பிலேயே வண்டி ஸ்டார்ட் ஆனது. ஆரோக்கியமேரி வண்டியில் ஒட்டியிருந்த மாதா படத்தைத் தொட்டு அழுதார். "அவரு எப்பவும் உங்களைத்தாண்ணே நம்புவாரு" என்றார். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அவர் குறுவை அறுத்து, சம்பாவும் நட்டாகிவிட்டது. நிலம் அவரிடமேதான் இருக்கிறது. நான் டேப் நுனியை மடிக்கிறவன் இல்லை, நகத்தால் சுரண்டித்தான் எடுப்பேன். அன்றிலிருந்து காலையில் பையைத் திறந்தால் டேப்பின் நுனி மடித்திருக்கிறது. புது டேப் வாங்கினேன், பையை மாற்றினேன், பூட்டியும் வைத்துப் பார்த்தேன். எதற்காக என்று எனக்குத் தெரியும். ஆரோக்கியமேரியிடம் இன்னும் நான் சொல்லவில்லை. இன்று காலையிலும் மடித்திருந்தது.