கைக்கெட்டாத தூரத்தில் மூக்குக்கண்ணாடி

'கிரீச்' என்று கட்டில் ஒரு சத்தம் போடும். விளக்கு எரியாது, கண்ணுக்கு எதுவும் தெரியாது. ஆனாலும் அந்தச் சத்தம் கேட்ட நொடியில் எழுந்து நிற்காதவன் அட்டெண்டர் வேலைக்கு லாயக்கில்லை. வயதானவர்கள் வீட்டில் இரவு எட்டிலிருந்து காலை எட்டு வரை துணைக்கு இருப்பது என் தொழில். படித்து வந்ததல்ல. ஆஸ்பத்திரி வார்டைப் பெருக்கிக்கொண்டே பார்த்துக் கற்றது பாதி, ஞாயிற்றுக்கிழமைப் பழைய புத்தகக் கடையில் வாங்கிய உடற்கூறுப் புத்தகத்தை எழுத்துக்கூட்டிப் படித்தது மீதி. எனக்கு வயது ஐம்பத்தொன்று. ஊர் தூங்கும்போது விழித்திருப்பவனுக்கு யோசனைகள் அதிகம், அவற்றில் சந்தோஷமானவை குறைவு. அதனால் ஜெயித்த கதை ஒன்று கையில் இருக்கும்போதே சொல்லிவிடுகிறேன். முட்டியைப் பிடித்துக்கொண்டு 'அப்பாடா' என்று உட்காரும் அன்பர்களே, நீங்களெல்லாம் என் கூட்டாளிகள்தான்.

நல்ல அட்டெண்டர்

டெல்லி ஜனக்புரியில் இரண்டாவது மாடி வீடு. லிப்ட் கிடையாது. வீட்டுக்காரர் சண்முகம் ஐயா, மத்திய அரசில் ஸ்டெனோவாக இருந்து ஓய்வு பெற்ற திருநெல்வேலிக்காரர். எழுபத்தெட்டு வயது. மனைவி காலமாகிவிட்டார். குளியலறையில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து, ஆபரேஷன் முடிந்து வந்திருந்தார். பெங்களூரில் இருக்கும் ஒரே மகள் மீனா போனில் தெளிவாகச் சொல்லிவிட்டாள். பொங்கலுக்கு வருவாள். அதற்குள் அப்பா தானாகப் படி ஏறி இறங்காவிட்டால், வீட்டை விற்றுவிட்டு அவரைக் கூட்டிப் போய்விடுவாள். ஐயாவுக்கோ அந்த வீடும், கீழே பார்க்கில் ஒரு பெஞ்சும், அதில் உட்கார்ந்து அரசியல் பேசும் நாலு கிழவர்களும்தான் உலகம்.

நான் உயிரைக் கொடுத்துக் கவனித்தேன். கண்ணாடி, தண்ணீர், பேப்பர், ரிமோட் எல்லாம் தலைமாட்டில், கைக்கெட்டும் தூரத்தில். எங்கள் தொழிலில் நல்ல அட்டெண்டர் என்றால் அதுதான், பேஷண்ட் அசையக் கூடாது. ஒரு மாதத்தில் அவர் கால் இரண்டும் வேட்டிக்குள் இருக்கிறதா இல்லையா என்று தேடும்படி ஆகிவிட்டது. ஒரு நாள் காலை பயிற்சி கொடுக்க வந்த பிசியோதெரபிஸ்ட் பெண், நான் டம்ளரும் கையுமாக ஓடுவதை வாசலில் நின்றே பார்த்துவிட்டு இந்தியில் சொன்னாள்: "அண்ணா, இந்த வீட்டில் நீங்கள் பிரமாதமாக நடக்கிறீர்கள். நடக்க வேண்டியவர் படுத்திருக்கிறார்."

கண்ணாடி நடந்தது

அன்று டியூட்டிக்கு வந்ததும் முதல் வேலையாகக் கண்ணாடியையும் பேப்பரையும் சாப்பாட்டு மேஜைக்கு மாற்றினேன்.

"ஏலே முருகேசா, கண்ணாடி எங்கடே?"

"மேஜையில இருக்குங்க ஐயா."

"எடுத்துட்டு வா."

"நீங்கதான் போய் எடுக்கணும்."

"கண்ணாடிய ஒளிச்சு வைக்கத்தான் ஒன்ன வேலைக்கு வச்சனா?"

அரை மணி நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டு கோபமாக உட்கார்ந்திருந்தார். பிறகு வாக்கரை இழுத்தார். பதினோரு அடி. நான் பின்னால் ஒரு அடி தள்ளி, கையை விரித்தபடி, தொடாமல் நடந்தேன். பிடித்துக்கொள்வது சுலபம் அய்யா, பிடிக்காமல் இருப்பதுதான் உயிர் போகிற வேலை. அடுத்த வாரம் கண்ணாடி ஹால் ஜன்னலுக்குப் போனது, அதற்கடுத்த வாரம் பால்கனிக்கு. திட்டுவது நின்றுபோய், எங்கே வைத்திருக்கிறேன் என்று அவரே கேட்க ஆரம்பித்தார். ஒரு நாள் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "நாளைக்கு அடுப்படியில வையி. முறுக்கு டப்பா பக்கத்துல."

கீழ்வீட்டு ஆண்ட்டி

நடை வந்தது, பலம் வரவில்லை. ஐயாவுக்குக் காலையில் டீயில் நனைத்த பிஸ்கட், ராத்திரி குழைந்த மோர்சாதம். வயசானால் வயிறு சுருங்கிவிடும் என்பது அவர் கட்சி. சதை வளர பருப்பு, பயறு, பால் வேண்டும் என்று நான் புத்தகத்தைப் பிரித்துக் காட்டினால், "ஸ்டெனோவுக்கே டிக்டேஷனா?" என்பார்.

கீழ்வீட்டு மல்ஹோத்ரா ஆண்ட்டி ஒரு நாள் காலையில் பாசிப்பருப்பு தோசையை நெய் மணக்கத் தட்டில் வைத்து, படியேறி வந்து நின்றார். கொஞ்சம்கூட மூச்சு வாங்கவில்லை. ஐயா கையிலிருந்த பிஸ்கட் சரியாக அந்த நேரம் பார்த்து டீக்குள் உடைந்து விழுந்தது. ஆண்ட்டி இந்தியில் சொன்னதை அப்படியே தமிழில் தருகிறேன்: "எனக்கு எண்பத்திரண்டு. ரொட்டி மாவு நானே பிசைகிறேன். நீங்கள் பிஸ்கட்டைக்கூடக் காப்பாற்ற முடியாமல் இருக்கிறீர்கள்."

மறுநாளிலிருந்து காலையில் சுண்டல்.

முப்பத்தாறு படி

ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் செய்த கால் முதலில். இந்த ஒரு விதியை வைத்துக்கொண்டு கைப்பிடியைப் பற்றிப் பயிற்சியைத் தொடங்கினோம். முதல் நாள் மூன்று படி. ஒரு வாரம் கழித்து ஒன்பதாவது படியில் உட்கார்ந்துவிட்டார். "போதும்டே. பெங்களூருக்கே போயிருதேன்" என்றார். என் குடிசை இருந்த மதராசி கேம்ப்பை இடித்த பிறகு, ஊர்க்கோடி நரேலாவிலிருந்து பஸ் மாறி மாறி வருகிறவன் நான். இருந்த இடத்தை விட்டுப் போவது எப்படி இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்தேன். பத்து நிமிஷம் கழித்து அவரே எழுந்தார்.

முப்பத்தாறையும் முதல்முறை ஏறி முடித்த அன்று, மேலே நின்று திரும்பிப் பார்த்தார். பின்னால் நான் சுவரில் சாய்ந்து இரைத்துக்கொண்டிருந்தேன். எல்லாம் பீடி செய்த வேலை. ஐயா சிரித்த சிரிப்பில் மல்ஹோத்ரா ஆண்ட்டி கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். "ஏலே, நான் ஏறுதேன், ஒனக்கு மூச்சு வாங்குது. இதுல யாருக்கு யாருடே அட்டெண்டர்?"

பீடிக்கட்டை அன்றைக்கே குப்பையில் போட்டேன். இரண்டு நாள் கழித்து வேறு கட்டு வாங்கி, அதையும் போட்டேன்.

பூட்டிய கதவு

பொங்கலுக்கு முதல் நாள். பனிமூட்டத்தில் மீனாவின் விமானம் மத்தியானம்தான் வரும் என்று நினைத்து, டியூட்டி முடிந்தும் நான் கிளம்பாமல் இருந்து, வெயில் வந்ததும் ஐயாவும் நானும் பார்க்குக்குப் போய்விட்டோம். விமானம் சொன்ன நேரத்துக்கே வந்து தொலைத்தது. என் போன் அடித்தது. "முருகேசன் அண்ணா, வீடு பூட்டியிருக்கு! அப்பாவை எந்த ஹாஸ்பிடல்ல வெச்சிருக்கீங்க? ஜல்தி சொல்லுங்க!"

வந்தோம். மேலே மீனா கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். கீழே ஐயா, மங்கி குல்லாயும் தோளில் பால் பாக்கெட் பையுமாக. அவள் ஓடி இறங்கப் பார்த்தாள். "அங்கேயே நில்லு" என்றார். நல்ல கால், அடுத்த கால். நல்ல கால், அடுத்த கால். மீனாவின் உதடு அசைந்ததைப் பார்த்தேன், எண்ணிக்கொண்டிருந்தாள். முப்பத்தாறாவது படியில் ஐயா பையை அவள் கையில் கொடுத்து, "டீ போடு" என்றார். கன்னத்தைத் துடைத்துக்கொண்டு அவள் சொன்னது இதுதான்: "அச்சா, எனக்கும் ஒரு சாவி பண்ணிக் கொடுங்கப்பா. அடுத்த தடவை வந்தாலும் நீங்க வீட்ல இருக்கப் போறதில்ல."

கடைசி நாள்

மாதக் கடைசியில் ஐயா என் கையைப் பிடித்துக்கொண்டு, வார்த்தையைத் தேடித் தேடிச் சொன்னார்: "இனிமே ராத்திரிக்கு ஆளு வேண்டாம்டே. டீ குடிக்க மட்டும் வா."

வேலையைச் சரியாகச் செய்தால் வேலை போய்விடும் தொழில் இது, அன்பர்களே, இந்தத் தடவை நான் வெட்கப்படும் அளவுக்குச் சரியாகச் செய்துவிட்டேன்.

இப்போது கிட்வாய் நகரில் புது வீடு, புதுப் பெரியவர். நடக்கலாம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார். கண்ணாடி, தண்ணீர், ரிமோட் எல்லாவற்றையும் தலைமாட்டில் அழகாக அடுக்கி வைத்திருந்தார்கள். கை கழுவிவிட்டு வந்து, கண்ணாடியை எடுத்து வேட்டி நுனியில் துடைத்து, ஜன்னல் ஓரத்தில் வைத்தேன்.