ரொட்டி அத்தை டிரம்மோடு கிளம்பிய நாள்

கதவை உடைத்துக்கொண்டு போனாள் என்பது பொய். முதலில் அதைச் சொல்லிவிட வேண்டும். கதவு உடையவே இல்லை. கீலிலிருந்து ஒழுங்காகக் கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்திருந்தது. ஒரு கீறல்கூடக் கிடையாது; சந்தேகம் இருந்தால் இன்றைக்கும் போய்த் தடவிப் பார்க்கலாம். புருஷன் தலையில் கையை வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தான் என்கிறார்களே, அதுவும் பொய். கை தலையில் இல்லை, காதில் இருந்தது. அன்று சாயங்காலமே அவள் திரும்பி வந்து அடுப்பு மூட்டினாள் என்பதை மட்டும் ஏன் ஒருத்தரும் சொல்வதில்லை? சொன்னால் கதையில் உப்பு குறைந்துவிடும் அல்லவா!

எதிர்வீட்டில் ஒருத்தி இருக்கிறாள். எந்நேரமும் ஜன்னலில் முகம் தெரிவதால் ஜன்னல்காரி என்றே அவளுக்குப் பேர் ஆகிவிட்டது. அவள் பார்த்தது கால், சேர்த்தது முக்கால். நடந்ததைக் கேட்டுவிட்டு அப்புறம் பேசட்டும்.

கிளம்பிப் போனவள் தெருக்கோடி ரொட்டிக்கடையில் மாவு பிசைகிறவள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு ரொட்டி அத்தை. விடியுமுன்னே மாவை மேஜைமேல் அறைவாள் பாருங்கள், தொம் தொம் தக்க தொம் என்று, தெருவில் நடக்கிறவர்கள் தங்களை அறியாமலே அந்தத் தாளத்துக்குக் கால் வைப்பார்கள். அவள் புருஷன் தச்சர். கதவும் ஜன்னலும் செய்கிறவர். வாயைத் திறந்தால் சொல் சிந்திவிடும் என்பதுபோல் இருப்பார். ஊர் வாயில் விழுவது அவருக்குப் பிடிக்காது. ஒரே மகள். வளர்த்தி அதிகம் என்பதால் வீட்டில் நெட்டை என்று கூப்பிடுவார்கள்.

நெட்டை படித்தது மேட்டுமேல் இருக்கும் சின்ன உயர்நிலைப்பள்ளியில். அங்கே பிள்ளைகள் எத்தனை குறைவு என்றால், ஆணும் பெண்ணுமாகக் கலந்து நின்றால்தான் கால்பந்து டீமுக்கு ஆள் தேறும். அதே பிள்ளைகள்தான் பேண்ட் கோஷ்டி, அதே பிள்ளைகள்தான் பாட்டுக் கோஷ்டி. பாதி ஆட்டத்தில் மற்ற பள்ளிக்காரர்கள் மூச்சு வாங்கிக்கொண்டு புல்லில் படுப்பார்கள். இந்தப் பிள்ளைகளோ சேற்றுக் கையோடு ஊதுகுழலைத் தூக்கிக்கொண்டு நின்று ஊதிவிட்டு, மறுபடி ஆட ஓடுவார்கள். நெட்டை கோல்கீப்பர். பேண்டில் பெரிய டிரம் அடிக்கிறவளும் அவள்தான். ஆட்டம் நடக்கும்போது டிரம்முக்கு ஆள் இல்லை.

அந்தப் பருவத்து முதல் ஆட்டத்துக்கு, மிஞ்சின ரொட்டியைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம் என்று கூடையோடு போனாள் அத்தை. பாட்டு டீச்சர் பார்த்தாள். ஒல்லியான பெண், ஆனால் ஆளைப் பிடிப்பதில் கெட்டிக்காரி.

"அக்கா, கை சும்மாதானே இருக்கு? இந்த டிரம் குச்சியைக் கொஞ்சம் பிடிங்க."

"எனக்கு மாவு அடிக்கத்தாம்மா தெரியும்."

"அதையே அடிங்க."

அடித்தாள். தொம் தொம் தக்க தொம். மைதானமே திரும்பிப் பார்த்தது. அத்தைக்குக் குஷி பிறந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து எதிராளி உதைத்த பந்து நெட்டையின் கைக்குத் தப்பி வலைக்குள் போய் விழுந்தது. அவ்வளவுதான்! அத்தை எம்பி எம்பி டிரம்மை வெளுத்து வாங்கினாள். வலை கட்டி வைத்திருப்பதே பந்தைப் பிடிக்கத்தான், பந்தும் வந்து மகளிடம் சேர்ந்துவிட்டது, வேறென்ன வேண்டும் என்பது அவள் கணக்கு.

"அம்மா! அது நமக்கு விழுந்த கோல்!" என்று கத்தினாள் நெட்டை.

"நமக்குத்தானே விழுந்துச்சு? அதுக்குத்தான்டி அடிக்கறேன்!"

எதிர்ப்பள்ளிக்காரர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நம் பிள்ளைகளுக்கும் சிரிப்பு தாங்கவில்லை. ஆனால் ஒன்று நடந்தது. அதுவரை பயந்து பயந்து ஓடிக்கொண்டிருந்ததுகள், சிரித்த சிரிப்பில் உடம்பு லேசாகி, போன கோலைத் திருப்பிப் போட்டுவிட்டன. ஆட்டம் சமம். அதிலிருந்து ரொட்டி அத்தை இல்லாமல் மைதானத்தில் இறங்க மாட்டோம் என்று ஒரே பிடிவாதம். சாப்பிடும் தட்டில் உருளைக்கிழங்கை உருட்டி, எது நம் வலை, எது அவர்கள் வலை என்று நெட்டை சொல்லிக் கொடுத்தாள்.

"நம்ம வலையில விழுந்தா குச்சியைத் தொடக்கூடாது. சரியா?"

"சரிடி. தொடமாட்டேன், சத்தியம்."

அந்தச் சத்தியத்தை அவள் மீறவே இல்லை. ஆட்டத்துக்கு மேல் ஆட்டம் ஜெயித்தார்கள். அரையிறுதியில் ஜெயித்தபோது அத்தை அடித்த அடியில் டிரம்மின் மரவளையம் விரிந்துவிட்டது. புருஷன் தச்சர்தானே, ஒட்டித் தருவார் என்று பக்கவாட்டில் சாய்த்துத் தூக்கி வீட்டுக்குக் கொண்டுவந்தாள். வினை அங்கேதான் பிடித்தது.

தச்சரின் பட்டறைக்கு வருகிறவர்கள் இத்தனை நாளும் சும்மாவா இருந்தார்கள்? "எங்க டீம் போட்ட கோலுக்கு உங்க வீட்டம்மா டிரம் அடிச்சாங்களாமே, ரொம்பப் பெரிய மனசு!" என்பான் ஒருவன். "வயசான காலத்துல இதெல்லாம் தேவையா அண்ணே?" என்பான் இன்னொருவன். அவர் பலகையின்மேல் இழைப்புளியை இன்னும் அழுத்தித் தள்ளுவார். எல்லாம் உள்ளே சேர்ந்திருந்தது. டிரம்மைப் பார்த்ததும் வெளியே வந்தது.

"இது இனிமே இந்த வாசலைத் தாண்டாது."

"சனிக்கிழமை கடைசி ஆட்டங்க. பிள்ளைங்க என்னை நம்பி இருக்குதுங்க."

"நம்பட்டும்."

"வளையத்தையாவது ஒட்டிக் குடுங்க."

தச்சர் டிரம்மைக் கூடத்து மூலையில் வைத்து, மேலே ஒரு போர்வையைப் போட்டு மூடினார். அத்தையும் லேசுப்பட்டவளா? பேச்சை நிறுத்திவிட்டாள். சோற்றைப் போடுவாள், தண்ணீர் வைப்பாள், சொல் மட்டும் வராது. நெட்டை நடுவில் நின்று, "அப்பா, அம்மா உப்பு போதுமான்னு கேக்கச் சொன்னாங்க" என்று தபால்காரி வேலை பார்த்தாள்.

பேண்ட் பயிற்சி டிரம் இல்லாமல் நடந்தது. ஊதுகுழல் ஒரு பக்கம் ஓட, புல்லாங்குழல் ஒரு பக்கம் நொண்டியது. பாட்டு டீச்சருக்குத் தட்டித் தட்டிக் கை சிவந்து போனது.

அப்போதுதான் பட்டறைக்கு ஒரு ஆள் ஜன்னல் வாங்க வந்தான். கடைசி ஆட்டத்தில் எதிரே ஆடப்போகிற பள்ளிப் பிள்ளை ஒருத்தியின் அப்பா. வந்தவன் ஜன்னலைப் பார்க்கிற சாக்கில் சொன்னான்:

"டிரம்மை வீட்டுல மூடி வச்சுட்டீங்களாமே? ரொம்ப நன்றி அண்ணே. அந்தச் சத்தம் இல்லேன்னா உங்க பசங்களுக்குக் கால் எழும்பாது. கோப்பை எங்களுக்குத்தான். பொம்பளைங்களை இப்படித்தான் அடக்கி வைக்கணும்."

தச்சர் இழைப்பதை நிறுத்தினார். கேலி செய்தால் பொறுத்துக்கொள்கிறவரால் இந்தப் பாராட்டைப் பொறுக்க முடியவில்லை.

"இந்த ஜன்னல் உங்களுக்கு இல்ல."

"ஏன், அளவு சரியாத்தானே இருக்கு?"

"அளவு சரி. ஆளு சரியில்ல."

பட்டறையைச் சாத்திவிட்டு, தோளில் ஒரு நல்ல பலகையோடு வீடு வந்தார். பட்டறையில் செய்தால் வருகிறவன் போகிறவன் கேட்பான் என்று வேலையைக் கூடத்துக்குள்ளேயே வைத்துக்கொண்டார். வளையத்தை ஒட்டினார். அதோடு விட்டாரா? பெண்சாதி அந்தக் கனத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நின்றால் முதுகு என்னாவது என்று, டிரம்முக்குச் சக்கரம் வைத்த தாங்கி ஒன்று செய்தார். மேடு பள்ளத்தில் சாயாதபடி காலை நன்றாக அகட்டி வைத்தார். ஆணியே இல்லை, மரமுளையும் பசையும் மட்டும். அத்தை அடுப்படியிலிருந்து எட்டி எட்டிப் பார்த்தாள். பேசவில்லை. ஆனால் அன்று குழம்பில் ஒரு கரண்டி எண்ணெய் கூடுதலாக விழுந்தது.

சனிக்கிழமை. நெட்டை முன்னாலேயே மைதானத்துக்குப் போய்விட்டாள். அத்தை தலை வாரி, நல்ல உடுப்பு உடுத்திக்கொண்டு வந்தாள். தச்சரும் சலவைச் சட்டை போட்டிருந்தார். அவரும் வரப்போகிறார் என்று அர்த்தம். இரண்டு பேரும் சேர்ந்து தாங்கியை உருட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தார்கள்.

டங்!

நிலையில் இடித்து நின்றது. நேராகத் தள்ளினார்கள், போகவில்லை. சாய்த்தார்கள், போகவில்லை. ஊருக்கெல்லாம் கதவுக்கு அளவெடுக்கிற மனிதர் தன் வீட்டு வாசலை அளக்க மறந்துபோனார்!

அத்தனை நாள் பேசாத அத்தைக்கு வாய் திறந்துகொண்டது. "ஏங்க, இது உங்க வேலைதானா? வேற யாராவது தச்சர் வந்து செஞ்சாரா?"

"கதவு இடத்தை அடைக்குது. அதைக் கழட்டிட்டா சரியா நுழைஞ்சிரும்."

"தாங்கியைக் கழட்டுங்களேன்!"

"டிரம்மோட சேத்து முளை அடிச்சது. உடைச்சாத்தான் வரும்."

"அப்ப கதவையே கழட்டுங்க! சீக்கிரம்! விசில் ஊதிரப் போறாங்க!"

அவர் சுத்தியலை எடுத்துக் கீலைத் தட்ட, அவள் பக்கத்தில் நின்று "அடிங்க, இன்னும் ஓங்கி அடிங்க!" என்று கத்த, ஜன்னல்காரி ஜன்னலுக்கு வந்துவிட்டாள். அவள் பார்த்தது இதைத்தான். கதவு கழன்றது. டிரம் விரலிடை மீதி இல்லாமல் வழுக்கிக்கொண்டு தெருவுக்கு வந்தது.

"வாங்க போலாம்" என்றாள் அத்தை.

தச்சர் திரும்பி வீட்டைப் பார்த்தார். வாசல் வாயைப் பிளந்துகொண்டு நின்றது. மறுபடி மாட்டுவதற்கு நேரமில்லை.

"வீட்டை இப்படிப் போட்டுட்டு எப்படி வர்றது? கதவு இருந்த இடத்துல நான் உக்காந்துக்கறேன். நீ போ."

"சட்டையெல்லாம் போட்டீங்களே..."

"போன்னா போ. எது யாரு வலைன்னு ஞாபகம் இருக்கில்ல?"

"எல்லாம் இருக்கு!"

அத்தை தாங்கியை உருட்டிக்கொண்டு மேட்டில் ஏறினாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை என்கிறார்களே, அது மட்டும் நிஜம். நேரமாகிவிட்டது, எங்கே திரும்புவது?

ஜன்னல்காரிக்கு இருப்புக் கொள்ளவில்லை. "என்ன அண்ணே, போயிட்டாளா?"

"போயிட்டா" என்றார் தச்சர், வாசற்படியில் உட்கார்ந்தபடி.

"ஐயோ பாவம்! மனசைத் தேத்திக்கோங்க!"

"சத்தம் போடாதீங்க. கேக்கணும்."

காதில் கையை வைத்துக்கொண்டார். வெகுநேரம் ஒன்றுமே கேட்கவில்லை. பிறகு மேட்டுப் பக்கமிருந்து ஒரு பெரிய கூச்சல். அதில் யார் குரல் என்று பிரிக்க முடியவில்லை. நம் வலையில் விழுந்திருந்தால் டிரம் பேசாது.

தொம் தொம் தக்க தொம்.

தச்சர் சுத்தியலை எடுத்து, காலியான நிலையில் அதே தாளத்தைத் திருப்பித் தட்டினார்.