பத்திரமாக வைத்திருந்த சீட்டு

1994, ஆடி மாதம். கோயம்புத்தூர் டவுன்ஹாலுக்குப் பின்னால் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தோம். நான், மனைவி, மூன்று வயது மகள். வரிசையாக ஆறு வீடுகள், எல்லோருக்கும் பொதுவாக வாசலில் ஒரே குழாய். நான் மில்லில் டைம் ஆபீஸ் கிளார்க். ஆனால் தெருவில் விசாரித்தால் 'குவிஸ்காரர் வீடா?' என்றுதான் கேட்பார்கள்.

அப்போது எனக்குப் பொது அறிவுப் பைத்தியம் முற்றியிருந்தது. மில்களுக்கு இடையே நடக்கும் வினாடி வினாவில் இரண்டு வருடம் தொடர்ந்து கோப்பை வாங்கியிருந்தேன். நாடுகளின் தலைநகரம், நதிகளின் நீளம், யார் எதைக் கண்டுபிடித்தார்கள் என்று ஒரு தடித்த நோட்டில் எழுதி, போகிற இடமெல்லாம் தூக்கிக்கொண்டு போவேன். அந்தப் போட்டிகளில் தப்பாகச் சொன்னால் மார்க் குறைக்க மாட்டார்கள். அதனால் 'தெரியாது' என்று சொல்கிற வழக்கமே எனக்கு இல்லை. கேட்ட மாத்திரத்தில் எதையாவது அடித்துவிடுவேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை இறுதிச் சுற்று. வியாழக்கிழமை காலையில் பக்கத்து வீட்டு அக்கா என் வாசலில் வந்து சத்தம் போட்டார். அவருடைய வீட்டுக்காரர் பெரிய கடைவீதியில் துணிக்கடை வைத்திருந்தார். என் மனைவியும் அந்த அக்காவும் குழாயடியில் ஆரம்பித்தால் குடம் நிறைந்து வழிந்தாலும் பேச்சு முடியாது.

"ஏனுங்க தம்பி, மூணு நாளா அம்மணி நொண்டி நொண்டி நடக்கறா, கண்ணுல படலீங்களா உங்களுக்கு?"

படவில்லை. உள்ளே போய் மனைவியின் காலைப் பார்த்தேன். தகரம் கிழித்த காயம், சீழ் பிடித்து, பாதம் வீங்கி, கெண்டைக்கால் வரை சிவந்திருந்தது. உடம்பு அனலாய்க் கொதித்தது. கூப்பிட்டால் ஏதோ உளறினாள். பதறிப் போய் ஆட்டோவில் ஏற்றினேன். பிள்ளையைக் குளிப்பாட்டிச் சோறு ஊட்டிவிட்டுப் பின்னாலேயே வருவதாகச் சொன்னார் அக்கா.

அந்தச் சின்ன ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா. காயத்தைப் பார்த்துவிட்டு, "பெனிசிலின் போடணும். முன்னாடி போட்டு ஏதாவது ஒத்துக்காம போயிருக்கா?" என்று என்னைக் கேட்டார்.

பெனிசிலின்! அதைக் கண்டுபிடித்தவர் பெயர், நாடு, வருடம் எல்லாம் எனக்கு அத்துப்படி. கேட்ட கேள்வியை விட்டுவிட்டு அதையெல்லாம் ஒப்பித்தேன். இப்போது நினைத்தாலும் கூசுகிறது. டாக்டரம்மா பொறுமையாக மறுபடியும் கேட்டார்.

"அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க டாக்டர்" என்று அடித்துவிட்டேன், குவிஸ் மேடையில் அடிப்பது போலவே.

நர்ஸ் ஊசிக்குழலில் மருந்தை ஏற்றிக்கொண்டிருந்தபோது அக்கா ஒரு கையில் பிளாஸ்க்கும் இன்னொரு கையில் என் மகளுமாக உள்ளே வந்தார். "என்ன ஊசிங்க அது?" என்றார். நர்ஸ் சொன்னார். அக்கா பிளாஸ்க்கைக் கீழே வைத்துவிட்டு நர்ஸின் கையையே பிடித்துவிட்டார்.

"வேண்டாமுங்க! தலப்பிரசவத்துல இந்த ஊசி போட்டுத்தான் மூஞ்சியெல்லாம் வீங்கி, மூச்சு முட்டி, அம்மணி பொழச்சதே பெரும்பாடாப் போச்சுங்க. இனி எப்பவும் போடக்கூடாதுன்னு சீட்டு எழுதிக் குடுத்திருக்காங்க. தம்பிகிட்ட இருக்குது."

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். எங்கள் பக்கத்து வழக்கப்படி தலைப்பிரசவம் தாய்வீட்டில். கோபிசெட்டிபாளையத்தில் அவள் உயிருக்குப் போராடியபோது நான் இங்கே இருந்தேன். எனக்குத் தெரியாமல் எல்லாம் முடிந்துவிட்டது. குழந்தையோடு திரும்பி வந்த அன்று ஒரு சீட்டை என் கையில் கொடுத்து, "பத்திரமா வெச்சிருங்க" என்று நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தாள். நான் ரேடியோவில் ஒரு கேள்வி பதில் நிகழ்ச்சி கேட்டுக்கொண்டிருந்தேன். "உம்" கொட்டினேன். அதே கதையை அவள் குழாயடியில் சொன்னபோது அக்கா காது கொடுத்துக் கேட்டிருக்கிறார்.

சீட்டைப் பத்திரமாகத்தான் வைத்திருந்தேன், என்னிடம் இருந்ததிலேயே பத்திரமான இடத்தில். பையிலிருந்து குவிஸ் நோட்டை எடுத்தேன். நடுவில் பக்க அடையாளமாகச் செருகிக் கிடந்தது. டாக்டரம்மா படித்தார். பிறகு திருப்பினார். வெற்றிடம் வீணாகக் கூடாதென்று பின்பக்கத்தில் பதினெட்டுத் தலைநகரங்களை நீல மையில் எழுதியிருந்தேன். அவர் சீட்டை என்னிடமே நீட்டிவிட்டு, நர்ஸிடம் வேறு மருந்து எடுத்துவரச் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை.

வெளியே வந்து அழுதுவிட்டேன். அக்கா பின்னாலேயே வந்தார். பிளாஸ்க்கிலிருந்து காபி ஊற்றிக் கொடுத்து, "குடிங்க தம்பி, ஒண்ணும் ஆகாது" என்றார். அந்தக் காபியின் சூடு இன்னும் நினைவிருக்கிறது. அக்கா இரண்டு நிமிடம் தாமதித்து வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்க இன்றும் துணிவு வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை போட்டிக்குப் போகவில்லை. அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். காய்ச்சல் விட்டிருந்தது. நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். கோபித்துக்கொள்வாள் என்று நினைத்தேன். சிரித்தாள்.

"போட்டிதான் போச்சுங்களே, நானே கேக்கட்டுமுங்களா? எஞ்செருப்பு என்ன சைஸுங்க?"

வாய் தானாக ஏதோ ஒரு நம்பரைச் சொல்லப் போனது. அடக்கிக்கொண்டேன்.

"தெரியாது அம்மணி. நீயே சொல்லு."

கல்யாணமாகி ஐந்து வருடத்தில் நான் அவளிடம் 'தெரியாது' என்று சொன்னது அதுவே முதல் தடவை. சொன்னதும் அவள் கண் கலங்கிவிட்டது. அன்று சாயங்காலமே ஒரு புது நோட்டு வாங்கினேன். முதல் வரி, பெனிசிலின் கூடாது. இரண்டாவது, செருப்பு ஐந்து. அவளும் விடுவதில்லை; இன்று வரை ஏதாவது புதிதாகக் கேட்டு என்னைத் திணறடிப்பாள்.

அந்தப் பதினெட்டுத் தலைநகரங்களும் எனக்கு இன்னும் மனப்பாடம்தான், ஆனால் இத்தனை வருடத்தில் மேடைக்கு வெளியே யாரும் அவற்றை என்னிடம் கேட்டதில்லை. வாழ்க்கை என்னை நேருக்கு நேர் கேட்டது என் மனைவியைப் பற்றிய ஒரே ஒரு கேள்விதான், அதற்கும் பக்கத்து வீட்டு அக்காதான் பதில் சொன்னார்.