மீன் கிடைக்கும் என்று விட்டுவந்த இடம்

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு முடிச்சூரிலிருந்து வெறும் கூடையோடு கடலுக்குக் கிளம்பியவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். மூடி போட்ட மூங்கில் கூடை. உள்ளே ஒரு பழைய துண்டு, ஒரு எவர்சில்வர் தட்டு, கரண்டி, டப்பாவில் கருவாடு பிசைந்த சோறு. ரவையைக் கூட்டிக்கொண்டு வரப் போனேன்.

ரவை எங்கள் குடியிருப்பில் வளர்ந்த பூனை. சாம்பல் உடம்பு முழுக்க வெள்ளைப் பொடி தூவியதுபோல் இருப்பாள். மாடிப்படிக்குக் கீழே நான்தான் நாலு வருடமாகச் சோறு வைத்தேன். கருத்தடை ஆபரேஷனும் செய்துவைத்தேன். அதற்கு அடையாளமாக இடது காதின் நுனியைக் கொஞ்சம் வெட்டிவிட்டார்கள். அவள் செய்த குற்றம், எங்கள் சங்கச் செயலாளரின் புதுக் கார் மேல் படுத்துத் தூங்கியது. போன புதன்கிழமை அவளைக் கோணிப்பையில் போட்டுக் கட்டி, வழி தெரியாமல் இருக்க மூன்று சுற்றுச் சுற்றி, கடற்கரையில் கொண்டுபோய் விட்டுவிட்டார். அதை வாட்ஸ்அப்பில், கும்பிடும் கை படத்தோடு, எல்லோருக்கும் அறிவிக்கவும் செய்தார். வெளியூர் போயிருந்த நான் அதைப் பார்த்தது சனிக்கிழமை. நேரே அவர் வீட்டுக்குப் போய்க் கேட்டேன்.

“அக்கரைன்னு ஊரு இருக்கில்ல, அதைத் தாண்டி, போட் நிக்கிற இடத்துல விட்டேன் மேடம். கொடுமையெல்லாம் பண்ணல. கார்ல ஏசி போட்டுத்தான் கொண்டு போனேன். அங்க ஃபிஷ் நிறைய கிடைக்கும், ஜாலியா இருக்கும்” என்றார். அப்போது அவர் மடியில் ஒரு பெர்ஷியன் பூனை உட்கார்ந்திருந்தது. போன மாதம் அதற்குப் பிறந்தநாள் கேக் வெட்டினார்கள். எனக்கும் ஒரு துண்டு கொடுத்தனுப்பினார்கள்.

எங்கள் பக்கத்தில் இது ஒரு வழக்கம். பூனையைக் கொன்றால் பாவம் வந்து சேரும் என்று பயம். ஆகவே மீன் இருக்கும் இடமாகப் பார்த்து விட்டுவிடுவார்கள். பாவமும் இல்லை, பூனையும் இல்லை. வரும் வழியில் டிபன் சாப்பிட்டுவிட்டு, புண்ணியம் செய்த முகத்தோடு வீடு திரும்புவார்கள்.

மேற்குத் தாம்பரத்தில் இறங்கி, ரயில் நிலைய நடைமேம்பாலம் ஏறி, கிழக்கே வந்து சோழிங்கநல்லூர் பஸ் பிடித்தேன். பதினெட்டு கிலோமீட்டர் இருக்கும். சாதாரண பஸ் என்பதால் பெண்களுக்கு டிக்கெட் காசு இல்லை. கண்டக்டர் கூடையைத் தட்டிப் பார்த்தார்.

“இன்னாக்கா, கோழியா?”

“ஒண்ணும் இல்லப்பா. ஒரு பூனையை எடுத்துட்டு வரப் போறேன்.”

“பெர்ஷியனா? என் பொண்ணும் கேட்டுகினே கீது.”

“நாட்டுப் பூனை.”

“அத்துக்கா அம்மாந்தூரம் போற? தெருவாண்ட சும்மா திரியுதே” என்று சிரித்துவிட்டு அடுத்த ஆளுக்கு டிக்கெட் கிழித்தார்.

ராஜகீழ்ப்பாக்கம் சிக்னலில் பஸ் நின்றது. எதிரே புதிதாக வந்த செல்லப்பிராணிக் கடை. பலகையில் நீலக் கண் பூனை, கழுத்தில் ரிப்பன். மீன் வாசனை பிஸ்கட், நகம் வெட்ட ஆள், குளிப்பாட்ட ஆள், எல்லாம் உண்டாம். கொஞ்ச வருடம் முன்புவரை பூனை குறுக்கே வந்தால் வீட்டுக்குத் திரும்பி, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்பிய அதே ஜனம்தான். பூனை மேல் பிரியம் வந்துவிட்டதே என்று முதலில் நானும் சந்தோஷப்பட்டேன். காசு கொடுத்து வாங்கிய பூனை மேல்தான் அந்தப் பிரியம் என்று புரிய எனக்கு நாளாயிற்று.

சோழிங்கநல்லூரில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் இருபது ரூபாய் கொடுத்து அக்கரை. அங்கிருந்து கொஞ்சம் நடந்தால் அந்தக் குப்பம். பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால், இதைப் படிப்பவர்களில் யாராவது நாளைக்கே ஒரு பூனையோடு கிளம்பிவிடுவார்கள்.

ஒன்பது மணிக்கெல்லாம் மணல் காய ஆரம்பித்துவிட்டது. படகுகளுக்கு நடுவே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த ஒரு பெண் என் கூடையைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள். மீன் விற்கிறவள், பெயர் செல்வி என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

“இன்னாம்மா, நீயும் வுட வந்துகீறியா? அப்டியே திரும்பிப் போ. இது இன்னா பூனை கொட்ற எடமா?”

மூடியைத் திறந்து காட்டினேன். விட வரவில்லை, எடுத்துப்போக வந்தேன் என்றேன். கூடைக்குள் கைவிட்டுத் துண்டைத் தூக்கிப் பார்த்தாள்.

“வுடத்தான் கார்ல வராங்கோ. எடுத்துனு போறேன்னு வந்த மொத ஆளு நீதான்.”

“இங்க மீனுக்குப் பஞ்சமில்லைன்னு சொல்றாங்களே?”

“எங்கம்மா கீது? விடிகாலைல ஏலம் முடிஞ்சா அல்லாம் வண்டி ஏறிடும். அப்பறம் வெறும் மணலுதான். குடிக்க நல்ல தண்ணி கூட கெடியாது. எங்க வூட்டுப் பூனைங்க வேற, புச்சா வந்தத அடிச்சித் தொரத்தும்.”

காது நுனி வெட்டிய சாம்பல் பூனை என்று சொன்னேன். அவளுக்கு நினைவிருந்தது.

“அதுவா? ரெண்டு நாளு அந்த வல மேல குந்திகினு ரோட்டையே பாத்துகினு இருந்திச்சி. சோறு வெச்சேன், தொடல. முந்தாநேத்து ரோட்டுப் பக்கமா நடந்து போச்சி. அப்பால பாக்கல.”

ரோடு என்றால் கிழக்குக் கடற்கரைச் சாலை. ஓய்வே இல்லாமல் கார்கள் பறக்கும் சாலை. ரவை வீட்டுக்குத்தான் கிளம்பியிருக்கிறாள். சாலையின் இரண்டு ஓரமும் வெகுதூரம் நடந்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தேன். போகிறவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். அழுகை வந்தது, அழுதேன்.

மனம் கேட்காமல் மறுபடி மணலுக்கு வந்தேன். வீட்டில் சோறு வைக்கும்போது செய்வதுபோல், தட்டைக் கரண்டியால் தட்டினேன். படகுகளுக்கு அடியிலிருந்தும் வலைக் குவியலுக்குப் பின்னாலிருந்தும் பூனைகள் ஓடி வந்தன. வெள்ளை, மஞ்சள், கறுப்பு, கழுத்தில் மணி கட்டிய ஒன்று. தட்டுச் சத்தத்துக்கு ஓடி வருகிறதென்றால் ஒவ்வொன்றும் யாரோ கையால் சோறு தின்று வளர்ந்தது என்றுதான் அர்த்தம். அந்தக் கைகள் எங்கள் ஊர்ப் பக்கத்துக் கைகளாகவும் இருக்கலாம். ரவை வரவில்லை. அவளுக்குக் கொண்டுவந்த சோற்றை அவற்றுக்குப் போட்டேன்.

சாப்பிட்டு முடித்ததும் தட்டை உள்ளே வைக்கக் கூடையைத் திறந்தேன். அத்தனை பூனையும் பறந்துவிட்டன. கூடையிலும் பையிலும் வந்தவை அல்லவா, அவற்றுக்குத் தெரியும். ஒன்று மட்டும் ஓடத் தெம்பில்லாமல் நின்றது. சப்பை மூக்கு, ஒரு காலத்தில் வெள்ளையாக இருந்த முடி, வயிறெல்லாம் சடை. பெர்ஷியன்.

“அத்த எடுத்துனு போ. சண்ட போடத் தெர்ல, இங்க நிக்காது” என்றாள் செல்வி. எடுத்துக்கொண்டேன். ரவைக்கு விரித்த துண்டில் அதைப் படுக்கவைக்க என் கை கூசியது.

மத்தியானம் வாசல் கேட்டுக்குள் நுழையும்போது செயலாளர் கார் துடைத்துக்கொண்டிருந்தார். கூடை இடுக்கு வழியே எட்டிப் பார்த்தவர் முகம் மலர்ந்துவிட்டது.

“பெர்ஷியனா மேடம்? குளிப்பாட்டினா சூப்பரா வந்துடும். எங்க வாங்கினீங்க?”

“நீங்க ரவையை விட்ட இடத்துல.”

துணியை வாளியில் முக்கிப் பிழிந்தார். பிறகு, “பரவால்ல மேடம், வெச்சுக்குங்க. இதுக்கெல்லாம் அசோசியேஷன்ல யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க” என்றார்.

அவர் சொன்னது சரி. இன்றுவரை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு வந்து போட்டோ எடுத்துக்கொண்டு போகிறார்கள். என்ன தீனி போடுகிறீர்கள், எப்போது பிறந்தநாள் என்று கேட்கிறார்கள். ரவை கிடைத்தாளா என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.