அடிக்காத அலாரத்துக்கு ஒரு கையெழுத்து

நீங்கள் பொய் எழுதினீர்கள், சார். அலாரம் அடித்தது, ஆபரேட்டர் கவனிக்கவில்லை என்று ரிப்போர்ட்டில் எழுதினீர்கள். அலாரம் அடிக்கவில்லை. ஏன் அடிக்கவில்லை என்பதும் உங்களுக்குத் தெரியும். நான்தான் பிரிண்ட் எடுத்து உங்கள் மேஜையில் வைத்தேன்.

உங்கள் கையெழுத்துக்குக் கீழே என் கையெழுத்தும் இருக்கிறது. அதை மறைத்துவிட்டு இதை எழுத எனக்கு யோக்கியதை இல்லை. அதனால் நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். உங்களுக்குத் தெரிந்த கதைதான். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

கே.கே. நகரில் ஒரு வீட்டின் மாடியில் இருக்கிறது எங்கள் கம்பெனி. மொத்தம் எட்டுப் பேர், நடத்துவது நீங்கள். ஃபர்னஸ்களுக்குக் கன்ட்ரோல் பெட்டி செய்கிறோம். வெல்டிங் செய்த பெரிய குழாய்களை ஃபர்னஸில் வைத்து மெதுவாகச் சூடாக்கி, மெதுவாக ஆறவிட வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் விரிசல் விடும். அந்தச் சூட்டை அளந்து, ஹீட்டரைக் கூட்டிக் குறைத்து, பதிவு செய்வது எங்கள் பெட்டியின் வேலை. பெட்டிக்குள் ஒரு சின்ன கம்ப்யூட்டர் இருக்கிறது. அதை நடத்துவது கெர்னல், அதாவது ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் அடிப்பகுதி. அது நின்றால் எல்லாம் நிற்கும். என் வேலை அதில்தான்.

வேலைக்குச் சேர்ந்த அன்று என் ஒரிஜினல் சர்டிபிகேட் அத்தனையையும் வாங்கி ஒரு பீரோவில் வைத்துப் பூட்டினார்கள். மூன்று வருஷம் முடிந்தால் திருப்பித் தருவார்களாம். இந்த ஊரில் பல சின்ன கம்பெனிகளில் இதுதான் வழக்கம், யாரும் கேட்பதில்லை, நானும் கேட்கவில்லை. அந்த பீரோ என் நாற்காலிக்குப் பின்னால் இருக்கிறது. கொஞ்சம் சாய்ந்து உட்கார்ந்தால் அதன் கைப்பிடி முதுகில் குத்தும். இரண்டு இடங்களில் இன்டர்வியூ வரை போனேன். ஒரிஜினல் கேட்டார்கள். பேசாமல் ஸ்ரீரங்கத்துக்கு பஸ் ஏறி வீட்டுக்கு வந்தேன்.

அரியமங்கலத்தில் ஒரு பட்டறையில் எங்கள் பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. ஒரு வியாழக்கிழமை மதியம் அங்கே ஃபர்னஸுக்குள் இருந்த தெர்மோகப்பிள், அதாவது சூடு அளக்கும் கம்பி, எரிந்து அறுந்தது. இது சாதாரண விஷயம். கம்பி அறுந்தால் பெட்டி அலாரம் அடித்து ஹீட்டரை நிறுத்த வேண்டும். அன்று ஸ்கிரீன் 620 டிகிரியில் உறைந்து நின்றது. ஹீட்டர் நிற்காமல் எரிந்தது. உறைந்தால் தானாக ரீஸ்டார்ட் ஆகும் வசதி ஒன்று உண்டு, பதிவு பாதியில் அறுந்துபோகும் என்று அதை நாங்களே அணைத்து வைத்திருந்தோம். கதவு இடுக்கில் தெரிந்த நெருப்பின் நிறம் சரியில்லை என்று பார்த்து, ஓடிப்போய் மெயின் சுவிட்சை அணைத்தவர் ஃபர்னஸ் ஆபரேட்டர். குழாய்கள் வீணாகிவிட்டன. ஃபர்னஸ் தப்பியது.

மறுநாள் போனேன். அந்த ஆபரேட்டர் ஐம்பதை நெருங்கும் மனிதர், கையெல்லாம் பழைய சூட்டுத் தழும்பு. பட்டறை முதலாளி முன்னால் நிற்கவைத்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் கேட்டார்.

"மேடம், உங்க அலாரம் அடிச்சா பக்கத்துக் கம்பெனிக்காரன் வந்து திட்டுவான். அது எனக்குக் கேக்காம போயிருக்குமா?"

ஆபீசுக்கு வந்து மேஜையில் சோதனைக்கென்று இருந்த சர்க்யூட் போர்டில் கம்பியைப் பிடுங்கிப் பார்த்தேன். இருபது தடவை பிடுங்கினேன். இருபது தடவையும் அலாரம் அடித்தது. நீங்கள் என் பின்னால் நின்று பார்த்தீர்கள். நம் பெட்டி சரியாகத்தான் இருக்கிறது, அந்த ஆள் டீ குடிக்கப் போயிருப்பார் என்றீர்கள். அந்த இடத்துப் பெட்டியையே கொண்டுவந்து பார்க்கலாம் என்று சொன்னேன். கஸ்டமர் காத்திருக்கிறார், கையெழுத்துப் போடு என்றீர்கள். பீரோ கைப்பிடி முதுகில் குத்திக்கொண்டிருந்தது. போட்டேன்.

அந்த ரிப்போர்ட்டைக் காட்டி அவரை வேலையை விட்டு நிறுத்தினார்கள். ஃபர்னஸைக் கவனிக்காதவர் என்று பெயர் வந்துவிட்டால் அரியமங்கலத்திலும் திருவெறும்பூரிலும் எந்தப் பட்டறையும் ஃபர்னஸ் பக்கம் விடாது.

இரண்டு வாரம் கழித்து அந்தப் பெட்டி சர்வீசுக்கு வந்தது. யாரிடமும் கேட்காமல் சனிக்கிழமை அதைப் பையில் போட்டு ஸ்ரீரங்கத்துக்குத் தூக்கி வந்தேன். ஞாயிறு காலை சாப்பாட்டு மேஜையில் வைத்து ஆன் செய்து கம்பியைப் பிடுங்கினேன். ஸ்கிரீன் உறைந்தது. அலாரம் இல்லை. அணைத்துவிட்டு மறுபடி ஆன் செய்து பிடுங்கினேன். உறைந்தது. மூன்றாவது தடவை வீடே அதிரும்படி அடித்தது. அம்மா கரண்டியோடு வெளியே வந்தாள்.

"ஏண்டி, ஏகாதசியும் அதுவுமா என்ன கூத்து இது? கீழ் வீட்டுக்காரா சண்டைக்கு வரப்போறா."

வரட்டும் என்றேன். நாலாவது தடவை மறுபடி உறைந்தது. அந்த ஆபரேட்டர் பொய் சொல்லவில்லை என்று அப்போதே தெரிந்துவிட்டது. காரணம் தெரிய சாயங்காலம் ஆயிற்று.

இங்கே கொஞ்சம் வேலை விஷயம் சொல்லியாக வேண்டும். ஒரு ஃபங்ஷன், அதாவது ஒரு வேலைக்கான கட்டளைத் தொகுப்பு, இன்னொன்றை அழைத்தால் ப்ராசஸர் அந்த இடத்துக்குத் தாவி, வேலையை முடித்துத் திரும்பி வரும். எங்கே தாவுவது? நாங்கள் எழுதுவதை ப்ராசஸருக்கான கட்டளையாக மாற்றும் கம்பைலர் ஒவ்வொரு கோப்பையும் தனித்தனியாகப் பார்க்கிறது. வேறு கோப்பில் இருக்கும் ஃபங்ஷன் எங்கே உட்காரப்போகிறது என்று அதற்குத் தெரியாது. ஆகவே முகவரியைக் காலியாக விட்டு, இங்கே இன்ன ஃபங்ஷனின் முகவரி வர வேண்டும் என்று ஒரு குறிப்பு மட்டும் வைக்கிறது. கோப்புகளை ஒன்று சேர்க்கும்போது லிங்கர் அதை நிரப்புகிறது. எங்கள் பெட்டியில் தெர்மோகப்பிளைப் பார்க்கும் ப்ரோக்ராமான டிரைவர் தனித் துண்டு. பெட்டி ஆன் ஆன பிறகுதான் கெர்னலோடு சேரும். அப்போது லிங்கரின் வேலையைக் கெர்னலே செய்துகொள்ளும்.

தாவச் சொல்லும் கட்டளைக்குள் தூரத்தை எழுத இடம் குறைவு. எங்கள் ப்ராசஸரில் முன்னும் பின்னும் 128 எம்.பி. வரைதான் நேராகத் தாவலாம். அதற்கு மேல் என்றால் நடுவில் ஒரு சின்னத் துண்டைச் செருகிவிடும். முதலில் அந்தத் துண்டுக்குத் தாவ வேண்டும். அது முழு முகவரியை ஒரு ரெஜிஸ்டரில் ஏற்றிக்கொண்டு, அங்கிருந்து மறுபடி தாவும். ரெஜிஸ்டர் என்பது ப்ராசஸர் கைக்குள்ளேயே வைத்திருக்கும் ஒரு சின்ன அறை. இந்த வேலைக்கு எடுத்துக்கொள்வது பதினாறாவது ரெஜிஸ்டரை. போகிற வழியில் இது அழிந்துபோகலாம், இதில் எதையும் வைத்து அனுப்பாதே என்று விதி எழுதியிருக்கிறது. கம்பைலர் அந்த விதியை மீறாது.

நீங்கள் மீறினீர்கள், சார். அலாரம் அடிக்கும் பகுதி நீங்கள் பல வருஷத்துக்கு முன்னால் கையாலேயே அசெம்பிளியில், அதாவது ப்ராசஸரின் சொந்தக் கட்டளைகளில், எழுதியது. கம்பைலர் ஊரைச் சுற்றிக்கொண்டு போகும், நான் நேராகப் போவேன் என்று புதிதாகச் சேருகிற எல்லோரிடமும் பெருமையாகச் சொல்வீர்கள். டிரைவர் கெர்னலை அழைக்கும்போது, எந்த ஃபர்னஸில் கம்பி அறுந்தது என்ற விவரத்தின் முகவரியைப் பதினாறில் வைத்து அனுப்பியிருந்தீர்கள். டிரைவர் கெர்னலுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தவரை ஒன்றும் ஆகவில்லை.

பிறகு ஒரு கஸ்டமர் பாதுகாப்புப் பட்டியல் ஒன்றை அனுப்பினார். கெர்னலும் டிரைவர்களும் ஒவ்வொரு தடவை ஆன் செய்யும்போதும் வேறு வேறு இடத்தில் உட்கார வேண்டும், அப்போதுதான் கம்ப்யூட்டருக்குள் நுழையும் திருடன் எது எங்கே என்று கணக்குப் போட முடியாது என்று அதில் இருந்தது. நீங்களே அதை ஆன் செய்தீர்கள். அன்றிலிருந்து டிரைவர் சில தடவை பக்கத்தில், பல தடவை தூரத்தில் உட்கார்ந்தது. தூரத்தில் உட்கார்ந்தால் நடுவில் அந்தத் துண்டு வரும். வந்தால் பதினாறில் நீங்கள் வைத்தது அழிந்து, அழைக்கப்பட்ட ஃபங்ஷனின் சொந்த முகவரியே அங்கே நிற்கும். ஃபங்ஷன் அதை ஃபர்னஸின் விவரம் என்று நம்பி, அதில் எழுதப் போகும். தன் மேலேயே எழுதப் பார்க்கும். அது எழுதக்கூடாத இடம். கெர்னல் நின்றுவிடும்.

ஆபீஸ் மேஜையில் ஏன் ஒரு தடவைகூட நிற்கவில்லை? அந்தப் போர்டு பழசு. இடத்தை மாற்றிப் போட ஆரம்பத்தில் ஒரு சீரற்ற எண் கொடுக்க வேண்டும், அந்தப் போர்டு அதைக் கொடுக்காது. கொடுக்காவிட்டால் கெர்னல் சத்தமில்லாமல் பழைய இடத்திலேயே உட்காரும். இருபது தடவையல்ல, இரண்டாயிரம் தடவை பிடுங்கியிருந்தாலும் அடித்திருக்கும்.

திங்கட்கிழமை முதலில் அரியமங்கலம்தான் போனேன். ஒரு டீக்கடையில் அந்த ஆபரேட்டரை உட்காரவைத்துச் சொன்னேன். ரெஜிஸ்டர், லிங்கர் எல்லாம் சொல்லி அவர் முகத்தைப் பார்த்தேன். ஒன்றும் ஏறவில்லை. மறுபடி சொன்னேன்.

"அண்ணே, நேரா போற பஸ்ஸா இருந்தவரைக்கும் பை பத்திரமா போச்சு. இப்ப தூரமாயிடுச்சு, சத்திரம் பஸ் ஸ்டாண்டுல எறங்கி மாறணும். மாத்தி விடுறவன் கையில இருந்த பைய வாங்கிக்கிட்டான்."

"பை யாரு குடுத்து விட்டது?"

"எங்க சார்."

"நேர் பஸ்ஸ நிறுத்தினது?"

"அவருதான்."

டம்ளரைக் கீழே வைத்தார். "எம்மேல தப்பு இல்லன்னு ஒரு பெட்டி சொல்லுது. ரெண்டு மனுசங்க கையெழுத்துப் போட்டு தப்புன்னு சொல்றாங்க. அதுல ஒரு கையி உங்களோடது, இல்லயாம்மா?"

ஆமாம் என்றேன். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. அவர் எனக்கும் சேர்த்து டீக்குக் காசு கொடுத்துவிட்டுப் போனார்.

அங்கிருந்து ஆபீசுக்கு வந்து பிரிண்டை உங்கள் முன்னால் வைத்தேன். நாலு தடவை ஆன் செய்ததில் டிரைவர் உட்கார்ந்த நாலு முகவரி, செருகப்பட்ட துண்டு, உங்கள் வரி. உங்களுக்கு விளக்கவே வேண்டியிருக்கவில்லை. விரலை உங்கள் வரியில் வைத்தீர்கள்.

"சரிம்மா. அடுத்த அப்டேட்ல திருத்திடு. போன ரிப்போர்ட் போனதுதான்."

"அந்த அண்ணன்?"

"அனுபவம் உள்ள ஆளு. எங்கயாவது கெடைக்கும்."

"அப்ப என் சர்டிபிகேட்டக் குடுங்க சார். எனக்கும் எங்கயாவது கெடைக்கும்."

"இன்னும் பதினாலு மாசம் இருக்கு. அப்புறம், நீயும்தான் கையெழுத்துப் போட்டிருக்க. ஞாபகம் வச்சுக்க."

வைத்திருக்கிறேன். தினமும் அந்த நாற்காலியில்தான் உட்காருகிறேன். வாயைத் திறந்தால் சர்டிபிகேட் வராது, திறக்காவிட்டால் அவருக்கு வேலை வராது. வீட்டில் அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. சொன்னால் அவள் பயப்படுவாள், அந்தப் பயத்தையும் சேர்த்து நான்தான் சுமக்க வேண்டும்.

திருத்தம் ஒரே ஒரு வரி. பதினாறில் இருந்ததை எடுத்து, எல்லோரும் வைக்கிற இடத்தில் வைத்தேன். எல்லாப் பெட்டிகளுக்கும் அனுப்பியாயிற்று. கூடப் போன குறிப்பில் "சிறு மேம்பாடு" என்று போடச் சொன்னீர்கள். அந்தச் சிறு மேம்பாடு வராத ஒரே ஆள் வீட்டில் உட்கார்ந்திருக்கிறார்.

வரும் திங்கட்கிழமை அதே பட்டறைக்குப் புதுப் பெட்டி மாட்டப் போகிறீர்கள். நானும் வருகிறேன். பழைய மென்பொருளோடு அந்தப் பழைய பெட்டியைத் தூக்கி வருவேன், அவரையும் கூட்டி வருவேன். பீரோ சாவி உங்களிடமே இருக்கட்டும். மதியம் ஷிஃப்ட் மாறும்போது எல்லா ஆட்களும் ஃபர்னஸ் பக்கம் இருப்பார்கள். அவர்கள் முன்னால் பெட்டியை ஆன் செய்து, கம்பியை நீங்களே உங்கள் கையால் பிடுங்குங்கள். ஒரு தடவை போதாது, ஒவ்வொரு தடவையும் அணைத்து ஆன் செய்து நாலு தடவை பிடுங்குங்கள். நான் ஏன் கையெழுத்துப் போட்டேன் என்று அங்கேயே சொல்கிறேன். நீங்கள் ஒரே கேள்விக்கு, அவர் முகத்தைப் பார்த்து, எல்லோருக்கும் கேட்கும்படி பதில் சொல்லுங்கள்: அன்றைக்கு அலாரம் அடித்ததா, இல்லையா?