துப்பாக்கிக்கு வைத்த சந்தனம்

எண்பதுகளின் கடைசியில் திருமழிசை எஸ்டேட்டில் ஒரு லேத் கம்பெனி வாசலில் காவலுக்கு நின்றேன். முதலாளி புதுத் துப்பாக்கி வாங்கிக் கொடுத்தார். ஒருமுறை சுட்டால் காலித் தோட்டாவை அதுவே வெளியே தள்ளிவிட்டு அடுத்ததை ஏற்றிக்கொள்ளுமாம். வந்த வாரமே ஆயுத பூஜை. லேத்துகளோடு அதையும் சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டோம்.

மறுநாள் பின்பக்கப் பொட்டலில் சுட்டுப் பார்த்தேன். காலித் தோட்டா வெளியே விழாமல் பாதியில் பல்லிளித்துக்கொண்டு நின்றது. நோண்டி எடுத்தேன். அடுத்ததும் அப்படியே. தோட்டாவைத் திட்டினேன், ஸ்பிரிங்கைத் திட்டினேன், விற்ற கடைக்காரனைப் பரம்பரையோடு திட்டினேன். எண்ணெய் விட்டேன், சிக்கல் கூடியதே தவிரக் குறையவில்லை.

மூன்றாம் நாள் பிரித்துப் போட்டுத் துடைத்தபோது துணியில் மஞ்சளாக ஒட்டியது. சந்தனம். லேத்துக்கெல்லாம் வைத்த கையோடு, காலித் தோட்டா வெளியேறும் துவாரத்தில் வழிய வழியப் பூசியவன் நான்தான்.

வெட்கத்தை விட்டு முதலாளியிடம் சொன்னேன். "சந்தனம் உள்ள பூந்து காஞ்சி பூட்ச்சி மொதலாளி. தொடச்சிட்டு சுட்டுப் பாத்தேன், இப்ப சரியா கீது."

அவர் முகம் மாறியது. "சாமி சந்தனத்தால எதுனா கெட்டுப் போவுமாய்யா? நீ மனசு வெச்சிக் கும்புட்டிருக்க மாட்டே."

மறுநாள் காலையில் வீட்டிலிருந்து கிண்ணம் நிறையச் சந்தனம் குழைத்து வந்தார். நான் துப்பாக்கியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நின்றேன். அதே துவாரத்தில், என்னைவிடத் தாராளமாக, அவரே பூசினார்.

"இனிமே எவன் வந்தாலும் பயமில்லய்யா" என்றார்.