நீல நாடா

அக்காவுக்கு ஐம்பத்திரண்டு வயதில் கல்யாணப் பேச்சு வந்தது. சுவிஸில் லாங்கன்தால் என்ற ஊரில் தொழிற்சாலை வேலை பார்க்கும் ஒருவர், அவளைப் போலவே துணையை இழந்தவர், யாரையும் நடுவில் விடாமல் நேரே கேட்டுவிட்டார். பதில் சொல்ல அக்கா ஒரு கிழமை தவணை வாங்கியிருந்தாள். தவணை முடிகிற ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டில் இருந்தால் கைத்தொலைபேசியையே பார்த்துக்கொண்டிருப்பாள் என்று, நான்தான் அவளை வெளியே இழுத்துக்கொண்டு போனேன்.

பீல் நகரம் தாண்டி, பிரெஞ்சு பேசும் பக்கத்தில் ஒரு பழைய குடியிருப்பு இருக்கிறது. ஜெர்மனியிலிருந்து வந்த பக்திச் சபையார் ஒரு காலத்தில் தங்களுக்கென்று கட்டிக்கொண்டது. ஓர்லிகோனில் ரயில் ஏறியதிலிருந்து என் வாய் ஓயவில்லை.

"உங்கடை மகளே ஓமெண்டு சம்மதிச்சிட்டாள். இனி ஆருக்கு அக்கா பயப்பிடுறியள்? சனம் நாலு நாள் கதைக்கும், பிறகு தன்ரை வேலையைப் பாக்கும்."

"நீ பீல் வரைக்குமாவது வாயை மூடிக்கொண்டு வாறியோ?" என்றாள் அக்கா.

எங்களுக்கு இடத்தைச் சுற்றிக் காட்டியவர் எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு சுவிஸ் அம்மா. முதலில் கல்லறைத் தோட்டம். பணக்காரர், ஏழை என்றில்லாமல் எல்லாக் கற்களும் ஒரே அளவில் தரையோடு கிடந்தன. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் மறுபக்கம், கணவன் மனைவியானாலும் அப்படித்தான் என்று அவர் ஜெர்மனில் விளக்கினார்.

"செத்தாப் பிறகாவது நிம்மதி," என்றாள் அக்கா என் காதுக்குள். எனக்குச் சிரிப்பை அடக்கவே முடியவில்லை.

பிரார்த்தனை மண்டபத்தின் வாசலில் இரண்டு பேரும் பழக்கதோஷத்தில் சப்பாத்தைக் கழற்றிவிட்டோம். அந்த அம்மா திரும்பிப் பார்த்து, "நனைந்துவிட்டதா?" என்று கவலையோடு கேட்டார். கோயிலுக்குள் போகும்போது நாங்கள் இப்படித்தான் என்றோம். சற்று யோசித்துவிட்டு அவரும் குனிந்து தன் சப்பாத்தைக் கழற்றினார். மூன்று பேரும் காலுறையோடு, சபையார் உட்காரும் நீண்ட வெள்ளை வாங்குகளுக்கு நடுவே நடந்தோம். தரை பனிக்கட்டி போல இருந்தது, ஆனாலும் யாரும் சப்பாத்துக்குத் திரும்பவில்லை.

மண்டபத்தை ஒட்டிய அறையில் அந்தக் காலத்துப் பெண்கள் அணிந்த வெள்ளைத் தொப்பிகள் இருந்தன. வருகிறவர்கள் போட்டுப் பார்ப்பதற்கென்று புதிதாகத் தைத்த சிலவும் ஒரு பெட்டியில் இருந்தன. தாடைக்குக் கீழே கட்டும் நாடாவின் நிறத்தில்தான் விஷயமே. கல்யாணமாகாதவளுக்கு இளஞ்சிவப்பு, கல்யாணமானவளுக்கு நீலம், விதவைக்கு வெள்ளை. எங்கள் ஆட்கள்தான் முன்கூட்டியே வந்து சட்டம் போட்டுக் கொடுத்தார்களோ என்று எனக்குத் தோன்றியது.

எனக்கு நீலம் கட்டிவிட்டு, "இவருக்கு?" என்று அந்த அம்மா கேட்டார்.

"வெள்ளை," என்றேன். கேட்ட வேகத்தில் சொல்லிவிட்டேன். போதாக்குறைக்கு நானே பெட்டியிலிருந்து வெள்ளை நாடாவை எடுத்தும் கொடுத்தேன்.

அக்கா அதை வாங்கவில்லை. "வழி முழுக்க ஓமெண்டு சொல்லு, ஓமெண்டு சொல்லு எண்டு என்ரை உயிரை எடுத்தாய். இப்ப நீயே வெள்ளையைத் தூக்கித் தாறாய். நான் ஆருக்குப் பயப்பிடுறன் எண்டு கேட்டாயெல்லோ? உனக்குத்தான்."

எனக்கு வெட்கத்தில் முகம் எரிந்தது. ஊர்ச் சனத்தை வழி நெடுகத் திட்டிக்கொண்டு வந்தவள் நான். வெள்ளை நாடாவைச் சுருட்டிப் பெட்டியிலேயே வைத்தேன்.

பேச்சு விளங்காத அந்த அம்மா எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்துவிட்டு, பெட்டியை அக்காவின் பக்கம் தள்ளினார். அக்கா சாவகாசமாகக் கிளறினாள். இளஞ்சிவப்பைத் தூக்கிப் பார்த்து, "இதுக்கு எனக்கு வயசு போயிட்டுது," என்று சிரித்தாள். பிறகு நீல நாடாவை எடுத்துத் தானே கட்டிக்கொண்டாள்.

"ஒரு படம் எடு. வடிவா எடு. எடுத்து எனக்கு அனுப்பு."

குடும்பக் கல்யாணங்களில் படம் எடுக்கும்போது விலகி நிற்கிறவள், அன்று நடு அறையில் நிமிர்ந்து நின்றாள். நான் அனுப்பிய படத்தை அங்கேயே லாங்கன்தாலுக்குத் தட்டிவிட்டாள்.

"அவருக்கு நிறமெல்லாம் விளங்குமோ அக்கா?"

"விளங்காட்டி போன் எடுத்துக் கேக்கட்டும்."

வாசலில் சப்பாத்து மாட்டிக்கொண்டிருந்தபோது அக்காவின் கைத்தொலைபேசி அடித்தது, லாங்கன்தால்தான். அக்கா ஒற்றைச் சப்பாத்தைக் கையில் பிடித்தபடி, தொப்பியைக்கூடக் கழற்றாமல், அவர் கேட்டதைக் கேட்டுவிட்டு, "ஓம்," என்றாள்.